கூட வருபவரைக் கேட்டீர்களா?

வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறுவது பற்றி இந்த முறை வந்த கடிதங்கள் ஏராளம். டொரன்டோவில் புதுக் குடியேறிகளுக்கான உதவி மையம் ஒன்றில் ஆலோசகராகப் பணிபுரியும் நம் பத்தியாளர், அவற்றில் சிலவற்றுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 38. மென்பொருள் துறையில் இருக்கிறேன். எங்கள் நால்வருக்கும் கனடா பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கிடைத்துவிட்டது. மனைவி பல் மருத்துவர்; சொந்தமாகக் கிளினிக் நடத்துகிறார். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 6. என் பெற்றோர் எங்களோடு இருக்கிறார்கள், அப்பாவுக்கு 74. நண்பர்களில் பாதிப் பேர் "யோசிக்காமல் கிளம்பு" என்கிறார்கள். மீதிப் பேர் "இங்கே என்ன குறை?" என்கிறார்கள். குழந்தைகளின் எதிர்காலத்துக்காக நிரந்தரமாகப் போய்விடலாம் என்பது என் எண்ணம். மனைவியைக் கேட்டேன், "உங்கள் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் போகலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புத் தம்பி, உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம், மனைவி "உங்கள் இஷ்டம்" என்று சொன்ன வரி. தயவுசெய்து அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் மையத்துக்கு சிரியா, நைஜீரியா, பிலிப்பைன்ஸ், கொலம்பியா, இந்தியா, இலங்கை என்று பல நாடுகளிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. மொழி வேறு, வந்த காரணம் வேறு. ஆனால் முதல் ஆண்டில் வீட்டில் யார் முகம் வாடுகிறது என்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. விண்ணப்பித்தவருக்கு எப்படியோ ஒரு வேலை அமைந்துவிடுகிறது. பழைய பதவியைவிட ஒரு படி கீழே இருந்தாலும், காலையில் கிளம்பிப் போக ஓர் இடம், பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் என்று அவருக்கு ஒரு நாள் உருவாகிவிடும். கூட வந்தவருக்கு அது தானாக உருவாகாது. ஒரு குடும்பம் இங்கே நிலைத்து நிற்குமா, ஐந்தாம் வருடமும் பெட்டியைப் பிரிப்பதா கட்டுவதா என்று தவிக்குமா என்பதை அந்த இரண்டாவது ஆளின் நிலைமைதான் முடிவு செய்கிறது. சம்பளத்தைவிட, வீட்டு வாடகையைவிட, குளிரைவிட இது பெரிய விஷயம் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் மனைவியின் தொழிலைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். குடியேற்ற மதிப்பெண்ணுக்காக நீங்கள் வாங்கிய கல்விச் சான்று மதிப்பீடு, "இந்தப் பட்டம் கனடாவின் இன்ன பட்டத்துக்குச் சமம்" என்று மட்டும்தான் சொல்லும். அதை வைத்துக்கொண்டு யாரும் ஒரு பல்லைத் தொட முடியாது. தொழில் செய்வதற்கான உரிமம் தனி. கனடா ஏற்றுக்கொண்ட கல்லூரிகளில் படிக்காத பல் மருத்துவர்கள், தேசியப் பல் மருத்துவத் தேர்வு வாரியம் நடத்தும் சமநிலைத் தேர்வுகளை எழுத வேண்டும். முதலில் அடிப்படை அறிவுத் தேர்வு. அடுத்தது, எக்ஸ்ரேயையும் நோயாளியின் விவரங்களையும் பார்த்து முடிவெடுக்கும் திறனைச் சோதிப்பது. மூன்றாவது, ஒட்டாவாவுக்கு நேரில் போய்க் கைவேலையைச் செய்துகாட்ட வேண்டிய தேர்வு. இவற்றையெல்லாம் தாண்டினால்தான் சான்றிதழ். இல்லையென்றால் கனடாவிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இரண்டு, மூன்று ஆண்டுகள் படித்துப் பட்டத்தை நிறைவு செய்யலாம். இடங்கள் மிகக் குறைவு, கட்டணம் மலைக்க வைக்கும். இரண்டு வழியிலும் ஆண்டுகள் ஓடிவிடும். அதுவரை பல் மருத்துவ உதவியாளராக, இன்னொருவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். சொந்தக் கிளினிக்கின் சாவி கையில் இருந்த ஒருவருக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று நீங்கள் யோசித்துப் பார்த்ததுண்டா?

எல்லாத் தொழிலும் இப்படி அடைபட்டிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஒன்டாரியோவில் பொறியாளர்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பு, உரிமம் பெறக் கனடா அனுபவம் கட்டாயம் என்ற நிபந்தனையை 2023 மே மாதம் எடுத்துவிட்டது. உங்கள் துறைக்கு உரிமமே தேவையில்லை. அதனால்தான் உங்கள் கண்ணுக்குப் பாதை நேராகத் தெரிகிறது.

இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. நானும் கூட வந்தவள். உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இங்கே ஆசிரியராக வேண்டுமென்றால் மாகாணத்தின் ஆசிரியர் ஒழுங்குமுறை அமைப்பில் தகுதி காட்டிப் பதிவு செய்ய வேண்டும்; கைக்குழந்தையோடு வந்த எனக்கு அதற்கான தெம்பும் இல்லை, நேரமும் இல்லை. முதல் குளிர்காலம் முழுவதும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளம் ஒன்றில் இருந்தேன். நிலவறையில் இருந்த பொதுச் சலவை அறைக்கு இறங்கிப் போவதுதான் வெளியே போவது. அங்கே யாராவது துணி மடித்துக்கொண்டிருந்தால் அன்று ஒரு பேச்சு கிடைக்கும். பொது நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம் உண்டு. அங்கே பழக்கமான ஒரு எத்தியோப்பியத் தாய்தான் மையத்தைப் பற்றிச் சொன்னார். பிறகு இலவச ஆங்கில வகுப்பு, தன்னார்வப் பணி, அதன்வழி இந்த வேலை. இந்த வேலையை நான் நேசிக்கிறேன். வகுப்பறை போனது போனதுதான். அதற்கு ஈடு எதுவும் வரவில்லை. என் கணவர் அதை அறிந்தவர், இன்றும் அதைப் பற்றி என்னோடு பேசுபவர். அதனால்தான் எங்கள் வீடு தாங்கியது.

இப்போது உங்களுக்கு உதவக்கூடிய ஒரு கணக்கு. நிரந்தரம் என்றவுடன் கிளினிக்கை விற்று, வீட்டைக் காலி செய்து, ஒரே விமானத்தில் எல்லாரும் ஏற வேண்டும் என்று நினைக்கிறீர்கள். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. பி.ஆர். உள்ளவர் ஐந்து ஆண்டுகளில் 730 நாட்கள் கனடாவுக்குள் இருந்தால் போதும். அந்த நாட்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் உறுதிப்படுத்தும் ஆவணத்தில் போட்டிருக்கும் தேதிக்குள் நால்வரும் ஒருமுறை வந்து இறங்கியாக வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். இறங்கி ஆவண வேலைகளை முடித்த பிறகு நீங்கள் மட்டும் தங்கி வேலை தேடலாம். மனைவி திரும்பிப் போய்க் கிளினிக்கைத் தொடர்ந்தபடியே முதல் தேர்வுக்குப் படிக்கலாம். ஒருவேளை அவர் ஊரை விடாமலே "இது எனக்கு வேண்டாம்" என்ற முடிவுக்கு வந்தாலும், இழப்பு சில மாதச் செலவோடு நிற்கும். ஒரே நிபந்தனை: பிரிந்திருக்கும் காலத்துக்கு முன்கூட்டியே ஒரு கடைசித் தேதி வையுங்கள். தேதி வைக்காமல் பிரிந்த குடும்பங்களில் அந்தப் பிரிவே பழகிப்போய்விடுவதை நான் பார்க்கிறேன்.

குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாக. மகளைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆறு வயதில் எல்லாம் பிடிபட்டுவிடும். மகனுக்கு 11 என்பது எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள வயது. இன்னும் இரண்டு, மூன்று ஆண்டு தள்ளிப்போனால், நண்பர்களை விட்டுப் பிரிவதன் முழுக் கனமும் அவன்மேல் விழும். அவனையும் உட்கார வைத்துப் பேசுங்கள். இன்னொன்று, "குழந்தைகளின் எதிர்காலத்துக்காக" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எதிர்காலம் வந்து சேரும்போது அது அந்த நாட்டில்தான் இருக்கும். அவர்கள் அங்கே படித்து, அங்கே காதலித்து, அங்கே வீடு வாங்குவார்கள். "படித்து முடித்ததும் திரும்பிவிடலாம்" என்று மனதின் மூலையில் வைத்திருந்தால், திரும்பப் போவது நீங்கள் இருவர் மட்டுமே என்று தெரிந்து வையுங்கள்.

அப்பா, அம்மா விஷயம் கடினம். பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் திட்டம் கனடாவில் இருந்தாலும் அதை நம்பித் திட்டம் போட முடியாது. 2020ல் விருப்பம் தெரிவித்துப் பதிந்தவர்களின் பட்டியலிலிருந்தே அதற்குப் பிந்தைய ஆண்டுகளிலும் அழைப்பு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நடைமுறையில் கைகொடுப்பது, பெற்றோருக்கான நீண்டகாலப் பார்வையாளர் அனுமதியான சூப்பர் விசா. ஒரே தடவையில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். ஆனால் குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். 74 வயதில், ஏற்கெனவே நோய் இருந்தால், அந்தக் காப்பீட்டின் தவணை என்ன ஆகும் என்பதை இப்போதே விசாரித்துவிடுங்கள். அதற்கும் மேலாக ஒரு கேள்வி. நடுராத்திரியில் அப்பா வழுக்கி விழுந்தால், முதலில் போய்த் தூக்குபவர் யார்? பெயரோடு சொல்லுங்கள். அது உங்கள் தங்கை என்றால், இந்த முடிவில் தங்கைக்கும் பங்கு உண்டு. அவரிடம் கேட்டீர்களா?

மனைவியிடம் "போகலாமா" என்று மறுபடி கேட்க வேண்டாம்; மறுபடி "உங்கள் இஷ்டம்"தான் வரும். "போனால் முதல் மூன்று வருடம் உன் நாட்கள் எப்படி இருக்க வேண்டும்? அதற்கு நான் எதை விட வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் தேர்வுக்குப் படிக்கும் காலத்தில் சமையலும் குழந்தைகளும் உங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க முடியுமா உங்களால்? முடியும் என்றால், இந்தக் குடும்பம் போகலாம் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

கேள்வி: அன்புள்ள சகோதரிக்கு, எனக்கு வயது 67. ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். கணவர் காலமாகி ஒரு வருடம் ஆகிறது. ஒரே மகன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். "வீட்டை விற்றுவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள், கிரீன் கார்டு எடுத்துத் தருகிறேன்" என்கிறான். பாசமான பிள்ளை, மருமகளும் நல்ல பெண். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுத்தால் அவன் வருந்துவானோ?
— ஒரு தாய்

பதில்: அம்மா, வீட்டை விற்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். துணையை இழந்த துக்கம் ஆறுவதற்குள், திரும்ப வாங்க முடியாத எதையும் விற்கக் கூடாது.

உங்கள் மகன் சொல்வது சட்டப்படி நடக்கக்கூடியது. 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகன் தன் பெற்றோருக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆண்டு வரம்பு கிடையாது. ஆனால் கிரீன் கார்டு கையில் வந்த பிறகு அந்த நாடுதான் உங்கள் வீடாக இருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் கேள்வி வரும். முன் அனுமதி வாங்காமல் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால், அந்த உரிமையைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். "கொஞ்ச நாள் இங்கே, கொஞ்ச நாள் அங்கே" என்று இருக்க விரும்புபவருக்கு அது பொருந்தாத சட்டை.

மருத்துவச் செலவைப் பற்றி மகனிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். 65 வயது கடந்தவர்களுக்கான அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டில், அங்கே வேலை பார்த்து வரி கட்டாத புதுக் குடியேறிகள் சேர வேண்டுமென்றால், கிரீன் கார்டோடு தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும். அப்போதும் மாதாமாதம் பணம் கட்டித்தான் சேர முடியும். உங்களுக்கு அந்த ஐந்து ஆண்டுகள் 67லிருந்து 72 வரை. அதற்குள் வரும் எந்த நோயும் தனியார் காப்பீட்டின் தயவில்தான்.

முதலில் பார்வையாளர் விசாவில் போய் வாருங்கள். வழக்கமாக ஆறு மாதம் வரை தங்க விடுவார்கள். கோடையில் போகாதீர்கள், கோடையில் எல்லா ஊரும் அழகு, மகன் விடுப்பு எடுத்துச் சுற்றிக் காட்டுவான், நீங்கள் விருந்தாளி. ஜனவரியில் போங்கள். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, வார நாளில் காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் நடுவில் அந்த வீட்டில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கவனியுங்கள். காரில்லாமல் நடந்துபோக ஓர் இடம் இருக்கிறதா? வாரத்தில் எத்தனை பேரோடு, மகன் வீட்டாரைத் தவிர, வாய்விட்டுப் பேசினீர்கள்? பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது மகிழ்ச்சியாக இருந்ததா, கடமையாக ஆகிவிட்டதா? எங்கள் மையத்தில் முதியோர்களுக்கு வாரம் ஒருமுறை கூட்டம் நடக்கும். கூட்டம் முடிந்த பிறகும் மகனோ மகளோ கார் கொண்டு வரும்வரை வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஓர் இடம் அருகில் அமைந்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள். அமையாதவர்களை நாங்கள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. வீட்டைவிட்டு வர வழியில்லாததால்.

மகன் வருந்துவானோ என்று கேட்டீர்கள். "உன்னோடு இருக்க ஆசை இருக்கிறது. என் வீட்டை விட்டுவிட மட்டும் இப்போது முடியாது. ஒரு குளிர்காலம் இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். அப்பா இல்லாமல் நீங்கள் தனியாக இருக்கிறீர்களே என்ற பயம்தான் அவனை இப்படிப் பேச வைக்கிறது. பயத்தைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு: தினமும் ஒரு குறித்த நேரத்தில் போன், பக்கத்து வீட்டாரிடம் ஒரு மாற்றுச் சாவி, அவன் நேரடியாகப் பேசக்கூடிய ஒரு மருத்துவர்.

கேள்வி: வயது 27. ஒரு கல்லூரியில் டிப்ளமோ சேர்ந்தால் படிப்பு முடிந்ததும் பி.ஆர். உறுதி என்கிறார் ஏஜென்ட். அப்பா வீட்டை அடமானம் வைக்கத் தயார். போகட்டுமா அண்ணி?
— ஒரு பட்டதாரி

பதில்: உறுதி என்று சொன்னாரா? அப்படியானால் அவரிடம் மறுபடி போகாதே, தம்பி. மாணவர் விசா என்பது படித்துவிட்டுத் திரும்புவதாகச் சொல்லி வாங்கும் தற்காலிக அனுமதி. பி.ஆர். கொடுப்பது அரசு, எந்தக் கல்லூரியும் ஏஜென்டும் அதற்கு வாக்குக் கொடுக்க முடியாது. படிப்பில் பாதி தூரம் போயிருக்கும்போதே விதிகள் மாறும். கனடா 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்தது. அதே ஆண்டு நவம்பர் 1 முதல், பல கல்லூரிப் படிப்புகளுக்குப் பின் வேலை அனுமதி கிடைக்க வேண்டுமென்றால் படித்த துறை அரசின் பட்டியலில் இருக்க வேண்டும் என்றாக்கியது. எந்த நாடானாலும், பணம் வாங்கிக்கொண்டு குடியேற்ற ஆலோசனை தருபவருக்கு அந்த நாட்டு உரிமம் உண்டா என்று பார். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் உரிமம் பெற்ற ஆலோசகர்களின் பட்டியல் பொதுவில் இருக்கிறது. பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும்.

உன் பக்கம் ஒரு பலம் இருக்கிறது, வயது. கனடாவின் மதிப்பெண் முறையில் 20 முதல் 29 வரைதான் வயதுக்கு முழு மதிப்பெண்; ஆஸ்திரேலியாவில் 25 முதல் 32 வரை. அதை ஒரு சாதாரண டிப்ளமோவில் செலவழிக்காதே. கையில் உள்ள பட்டத்தோடு இரண்டு வருடம் வேலை அனுபவம் சேர்த்து, மொழித் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் வாங்கி, நேரடியாக விண்ணப்பிக்க முடியுமா என்று முதலில் பார். அப்பாவின் வீட்டைத் தொடாதே. வெளிநாட்டுக்குப் போகப்போவது நீ. பாரத்தைச் சுமந்துகொண்டு ஊரிலேயே இருக்கப்போவது அவர்.

கேள்வி: பி.ஆரோடு பல ஆண்டுகளாக வாழ்கிறேன். குடியுரிமை வாங்க எல்லாத் தகுதியும் உண்டு. பிறந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை விட மனம் வரவில்லை. வாங்கித்தான் ஆக வேண்டுமா?
— ஆர்.

பதில்: ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் பி.ஆர். என்பது, அந்த நாட்டில் வசித்தால்தான் நிலைக்கும் உரிமை. கனடாவில் ஐந்து ஆண்டுகளில் 730 நாள் என்ற கணக்கு. பிரிட்டனில் தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால் போய்விடும். ஜெர்மனியின் சாதாரண நிரந்தரத் தங்கல் அனுமதி பொதுவாக ஆறு மாதத்திலேயே போய்விடும். பெற்றோருக்காக நீண்ட காலம் ஊரில் வந்து இருக்க வேண்டிய நிலை வரும் என்றால், விந்தையாகத் தோன்றினாலும், அந்த நாட்டுக் குடியுரிமை இருப்பதுதான் உங்களைச் சுதந்திரமாகப் போய்வர விடும்.

விலை என்ன என்பது நீங்கள் எந்த நாட்டவர் என்பதைப் பொறுத்தது. இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், ஜப்பான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இலங்கை, விண்ணப்பித்து அனுமதி பெற்றால் தருகிறது. ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல், பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை. ஆனால் உங்கள் பிறந்த நாடு தன் பக்கம் முடித்துவிட்டால் அதற்கு ஜெர்மனி என்ன செய்ய முடியும்? இந்தியர் என்றால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்கலாம். வாழலாம், வேலை பார்க்கலாம்; ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அமெரிக்கா என்றால் இன்னொரு கணக்கும் உண்டு: அதன் குடிமகன் உலகில் எங்கே வாழ்ந்தாலும் ஆண்டுதோறும் அங்கே வரிக்கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், வாங்குங்கள் என்பேன். வாழும் இடத்தில் ஓட்டு இல்லாமல், நம்மைப் பற்றிய சட்டங்களை மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே வயதாவது நல்லதில்லை. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் நாளில் அழுகை வரும். வரட்டும். அன்று வேலைக்கு விடுப்புப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் செவிலியர். பிரிட்டனுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நிரந்தரத் தங்கல் உரிமை இருக்கிறது. மகனுக்கு 14 வயது. மகளுக்கு 8, இங்கே பிறந்தவள். என் அம்மா படுத்த படுக்கை. நானும் கணவரும் திரும்பிவிடலாம் என்று நினைக்கிறோம். "தோற்றுப்போய் வந்துவிட்டார்கள்" என்று பேசுவார்களே என்று கணவர் கூசுகிறார்.
— ஒரு செவிலியர்

பதில்: தங்கையே, ஒன்பது ஆண்டுகள் மற்றவர்களின் தாய் தந்தையரைக் கவனித்துக்கொண்ட உங்களுக்கு, சொந்தத் தாயைக் கவனிக்கத் தோன்றுவதில் தோல்வி எங்கே இருக்கிறது? நிரந்தரமாக என்று போனவர்களில் திரும்பி வருபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பேசுபவர்கள் ஒரு மாதம் பேசுவார்கள். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: வேலை கிடைக்காமல் திரும்புவது வேறு, வேலை இருக்கும்போதே காரணத்தோடு திரும்புவது வேறு. அதற்குப் பிறகும் கூச்சம் இருந்தால் அவருக்குக் கொஞ்சம் நாள் கொடுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது உங்கள் மகனைப் பற்றி. இந்த முறை கூட வருபவன் அவன். ஐந்து வயதில் அவனைக் கேட்காமல் ஒரு நாட்டுக்குக் கூட்டிப் போனீர்கள். அது தவிர்க்க முடியாதது. 14 வயதில் கேட்காமல் திருப்பிக் கூட்டி வரக் கூடாது. அவன் இப்போது ஜி.சி.எஸ்.இ. என்ற பள்ளித் தேர்வுக்கான படிப்புக்குள் நுழைந்திருப்பான், அல்லது நுழையப் போகிறான். 16 வயதில் அந்தத் தேர்வு முடிவதற்குள் நடுவில் பிடுங்கினால், அங்கே ஒரு சான்றும் இல்லாமல், ஊரில் வேறு பாடத்திட்டத்தில் பின்தங்கி, இரண்டும் கெட்டானாக நிற்பான். இன்னொரு விஷயத்தைப் பலர் பின்னால்தான் அறிகிறார்கள். பிரிட்டனில் பல்கலைக்கழகத்தில் உள்நாட்டு மாணவர் கட்டணத்தில் சேர, பொதுவாகப் படிப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும். 15 வயதில் திரும்பி வந்தவன் 18ல் "அங்கே படிக்கப் போகிறேன்" என்றால், வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்கும் நிலை வரலாம்.

அம்மாவின் உடல்நிலை காத்திருக்காது என்பது எனக்குப் புரிகிறது. என் மாமனாரின் கடைசி மாதங்களில் என் கணவர் மட்டும் போய் இருந்தார். நானும் பிள்ளைகளும் இங்கே இருந்தோம். மிகவும் கஷ்டமான காலம்தான், ஆனால் பிள்ளைகளின் படிப்பு உடையவில்லை. உங்கள் மருத்துவமனையில் சம்பளமில்லாத நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். நீங்கள் முதலில் ஊருக்குப் போய் அம்மாவோடு இருங்கள். மகன் தேர்வை முடிக்கட்டும். பிறகு எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் வெளியே தங்கிவிட்டால் உங்கள் தங்கல் உரிமை போய்விடும் என்பதால் அந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும். மகள் அங்கே பிறந்தவள், நீங்கள் நிரந்தர உரிமை பெற்றவர் என்பதால் அவளை 18 வயதுக்குள் பிரிட்டிஷ் குடிமகளாகப் பதிவு செய்யும் உரிமை உண்டு. பிறந்த நாட்டுக் குடியுரிமை அதனால் பாதிக்கப்படுமா என்று பார்த்து முடிவெடுங்கள். செவிலியர் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது 450 மணி நேரப் பணியைக் காட்ட வேண்டும்.

கடைசியாக, ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். பிரிட்டனின் அரசு ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்துத் தகுதி ஆண்டுகள் தேவை. முழுத் தொகைக்கு 35. ஒன்பது ஆண்டுகளோடு நின்றுவிட்டால் கைக்கு எதுவும் வராமலே போகலாம். பத்து நிறைந்திருந்தால், உலகில் எங்கே இருந்தாலும் உரிய வயதில் அதற்கான பங்கு வரும். பல நாடுகளில் வாழ்பவர்களுக்கு அது ஆண்டுதோறும் உயராது என்றாலும் வரும். உங்கள் நேஷனல் இன்ஷூரன்ஸ் (சம்பளத்திலிருந்து பிடிக்கும் சமூகக் காப்பீடு) பதிவை அரசின் இணையக் கணக்கில் திறந்து, எத்தனை ஆண்டுகள் நிறைந்திருக்கின்றன என்று பாருங்கள். அங்கே கணக்கு ஏப்ரல் 6ல் தொடங்கும் வரி ஆண்டின்படி ஓடும், நீங்கள் வந்து இறங்கிய தேதியின்படி ஓடாது. ஒரு சில மாதம் பொறுத்தால் பத்தாவது ஆண்டு நிறையும் என்றால், கிளம்பும் தேதியை அதற்கேற்ப வையுங்கள். உங்கள் கணவரின் பதிவையும் கூடவே பாருங்கள்.